பெற்றோர் பிரிந்தபின் குழந்தையின் நாட்கள்: நீதிமன்றத்தில் தரவேண்டிய வரைவில் எவற்றை எழுத வேண்டும்?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு நடந்து வருகிறது. ஏழு வயது மகள் தங்கையுடன் திருநெல்வேலியில் எங்கள் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள். தந்தை கோவையில் வேலை பார்க்கிறார். இடைக்கால உத்தரவின்படி மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், நீதிமன்ற வளாகத்தில் குழந்தைகளுக்கென ஒதுக்கியிருக்கும் அறையில் அவர் மகளைச் சந்திக்கிறார். அந்த அறையில் வேறு பல குடும்பங்களும் இருக்கும். குழந்தை பேசத் தொடங்கும் நேரத்தில் சந்திப்பு நேரம் முடிந்துவிடுகிறது.

கடந்த வாய்தாவில் நீதிபதி இரு தரப்பையும் அழைத்து, குழந்தை யாருடன் எப்போது இருக்க வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு வரைவு எழுதிக்கொண்டு வாருங்கள், பொருந்தும் பகுதிகளை உத்தரவாக்கி மற்றவற்றை நான் முடிவு செய்கிறேன் என்று கூறியிருக்கிறார். தங்கையின் கணவர் குடிகாரர் அல்லர், கைநீட்டியவரும் அல்லர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எனவே குழந்தையைக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் வரைவில் எவை இடம்பெற வேண்டும், எவற்றை விட்டால் பின்னால் சிக்கல் வரும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


நொய்யல் எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் குழந்தையைப் பிரிந்து வாழும் தந்தை. அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வழக்கில் முதலில் வந்த உத்தரவு, இரு தரப்பும் கலந்து பேசி வாரத்தில் ஒரு நாள் சந்திப்பை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று மட்டுமே சொன்னது. கலந்து பேசும் நிலையில் நாங்கள் இருந்திருந்தால் நீதிமன்றத்துக்கே போயிருக்க மாட்டோம். ஒவ்வொரு வாரமும் எந்த நாள், எத்தனை மணி, எங்கே என்பதே ஒரு புதிய வழக்காக மாறியது. மனைவி ஒரு நேரம் சொல்வார், நான் மறுப்பேன். இடையில் மாமனார் பேசுவார், என் அண்ணன் பேசுவார், கடைசியில் அந்த வாரம் மகனைப் பார்க்காமலே போய்விடும். பிறகு மனுப் போட்டு உத்தரவைத் திருத்தினோம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வீட்டு வாசலில் அழைத்துக்கொள்வது, ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே வாசலில் கொண்டுவந்து விடுவது, அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் செய்தி அனுப்புவது, காய்ச்சலால் ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் ஈடு செய்வது என்று எல்லாம் எழுத்தில் வந்தன. அதன்பின் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. பேச வேண்டிய தேவையே இல்லாமல் போனதுதான் அதற்குக் காரணம்.

ஆகவே உங்கள் வரைவில் எதையும் "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். பிற்காலத்தில் நல்லுறவு ஏற்பட்டால் உத்தரவைத் தாண்டியும் விட்டுக்கொடுக்கலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. உறவு கெட்டிருக்கும் காலத்துக்காகத்தான் உத்தரவு எழுதப்படுகிறது.


கொங்குத்தமிழன் எழுதியது:

சட்டப்படி ஐந்து வயது வரைதான் குழந்தை தாயிடம் இருக்கும், அதன்பின் தந்தைக்கே உரிமை என்று என் உறவினர் ஒருவருக்கு அவருடைய வக்கீல் சொன்னார். இந்தக் குழந்தைக்கு ஏழு வயதாகிவிட்டதே. தந்தை கேட்டால் முழுப் பொறுப்பும் அவருக்கே போய்விடாதா? வரைவு எழுதுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.


வைகைவழக்கறிஞர் எழுதியது:

நான் மதுரையில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். இங்கே பொதுவான விளக்கம் மட்டுமே தர முடியும். குறிப்பிட்ட வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே செல்லும்.

முதலில் அந்த ஐந்து வயதுக் கணக்கு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து வயதானதும் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்று தெளிவாகச் சொல்கிறது. தந்தை உயிருடன் இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக, அதாவது தனி உத்தரவு இல்லாமலே சட்டம் ஏற்கும் பாதுகாவலராக, இருக்க முடியும் என்பதை, ரிசர்வ் வங்கியின் பத்திரம் ஒன்றில் தாயின் கையொப்பத்தை ஏற்க மறுத்ததால் எழுந்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. ஏழு வயதுப் பெண் குழந்தை, பழகிய பள்ளி, பழகிய வீடு, அக்கறையான தாய் என்றிருக்கும்போது, வயதை மட்டும் காரணம் காட்டி இடம் மாற்றும் நீதிபதியை நான் பார்த்ததில்லை. அந்த உறவினருக்கு அப்படிச் சொல்லப்பட்டது தவறு. அந்தத் தவறான நம்பிக்கையால் குழந்தை ஐந்து வயதைத் தொடும் நேரத்தில் இரு வீட்டாரும் பதறிப்போய்ச் சண்டையைப் பெரிதாக்குவதை அடிக்கடி காண்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி வரைவுக்கு வருவோம். நடக்கும் விவாகரத்து வழக்கிலேயே 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்கீழ், குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு ஆகிய மூன்றுக்கும் உத்தரவு கேட்கலாம். வழக்கு முடிந்த பிறகும் அவ்வப்போது மாற்றக் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் அவரவர் சட்டத்தில் இதற்கு இணையான பிரிவுகள் உண்டு. விவாகரத்து வழக்கே இல்லாதபோது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின்கீழ், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

சென்னையிலிருந்து 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் வரை போன ரோஸி ஜேக்கப் வழக்கைக் குடும்ப வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டுகிறோம். குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று 1973இல் வந்த அந்தத் தீர்ப்பு சொன்னது. குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவு, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பெற்றதாகவே இருந்தாலும், குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் மாற்றக்கூடியது என்றும் அது நிலைநாட்டியது. உங்கள் தங்கை இதைப் புரிந்துகொள்வது முக்கியம். இப்போது ஒப்புக்கொள்வது பதினெட்டு வயது வரை கட்டிவைத்துவிடும் என்ற அச்சத்தில்தான் பலர் ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டுத்தர மறுக்கிறார்கள். அந்த அச்சத்துக்கு அடிப்படையே இல்லை.

அடுத்து, 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் கேட்டு வாசியுங்கள். பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்ற நிலையிலிருந்து அது தொடங்குகிறது. நேரில் சந்திப்பதோடு நிற்காமல், உடன் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது தொலைபேசியிலோ காணொளியிலோ குழந்தையிடம் பேச வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. திருநெல்வேலிக்கும் கோவைக்கும் இடையே இருக்கும் தூரத்தில், மாதம் இரண்டு சனிக்கிழமைகளைவிட இந்த மாலை நேரப் பேச்சுதான் உறவைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள்: பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதத் தொடங்குவதற்கு முன் இருக்கும் இடைவெளி. எந்தக் கைபேசியில் என்பதையும் குறியுங்கள். பேசும்போது பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்து காதுகொடுக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள்.

பராமரிப்புத் தொகையையும் சந்திப்பையும் ஒன்றோடொன்று கட்டாதீர்கள். பணம் தரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருப்பதையும், காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதையும் நீதிமன்றம் ஏற்பதில்லை. அவை தனித்தனிக் கடமைகள். தொகையை முடிவு செய்வதற்கு இருவரும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அந்தப் பத்திரத்தில் எதையும் மறைக்காதீர்கள்.


செங்காந்தள் எழுதியது:

நொய்யல் அவர்கள் சொன்னதில் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. வீட்டு வாசலில் குழந்தையைக் கைமாற்றும் ஏற்பாடு எல்லாருக்கும் பொருந்தாது. அடிபட்டு வெளியேறிய பெண்ணுக்கு அந்த வாசலே மறுபடி அடிவாங்கும் இடமாகிவிடும். என் கணவர் குழந்தையைப் பார்க்க வருகிறேன் என்ற பெயரில் என்னைப் பார்த்து மிரட்டுவதற்குத்தான் வந்தார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் திரும்பிய நாட்களும் உண்டு.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், குற்றவியல் நடுவர் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைத் தாயிடம் தரலாம். தந்தை வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு என்று கருதினால் அந்தச் சந்திப்பை மறுக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. எனக்கு அந்த வழியில்தான் பாதுகாப்புக் கிடைத்தது. பிறகு குடும்ப நல நீதிமன்றத்தில், மேற்பார்வையாளர் ஒருவர் அருகில் இருக்க, நீதிமன்ற வளாகத்திலேயே சந்திப்பு நடக்கும்படி உத்தரவாயிற்று. தாமிரபரணிக்கரை அவர்கள் குறைபட்டுக்கொண்ட அந்தக் கூட்டமான அறைதான் எனக்கும் என் மகனுக்கும் பாதுகாப்பான இடம். தயவுசெய்து அந்த அறைகளே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அவற்றைக் கொஞ்சம் நல்லவையாக ஆக்கித் தாருங்கள் என்று கேளுங்கள்: விளையாட ஒரு மூலை, கழிப்பறை, தண்ணீர், குழந்தையிடம் இதமாகப் பேசத் தெரிந்த ஒரு பணியாளர்.


நொய்யல் எழுதியது:

சகோதரி, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வாசல் என்று நான் எழுதியது எங்கள் இருவருக்கும் பொருந்திய இடம் மட்டுமே. வன்முறை இருந்த வீட்டில் கைமாற்றும் இடம், உடனிருப்பவர், நேரம் எல்லாமே வேறாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வன்முறை என்ற குற்றச்சாட்டே இல்லாத வழக்குகளிலும், உத்தரவு எழுதுவதற்கு எளிது என்பதற்காகவே எல்லாத் தந்தைகளையும் அதே அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து மகனுக்கு ஒரு வேளை சோறு ஊட்டக்கூட முடியாது. அவன் தூங்கி எழுவதைப் பார்க்காத, பல் தேய்த்துவிடாத, வீட்டுப்பாடத்தில் உட்காராத ஒருவர் எப்படித் தந்தையாக இருக்க முடியும்? பரிசுப் பொருளோடு வந்துபோகும் விருந்தாளியாகவே ஆகிவிடுகிறோம். பாதுகாப்புக் காரணம் இல்லாத இடத்தில் இரவு தங்கும் ஏற்பாடு இருக்கவே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.


வைகைவழக்கறிஞர் எழுதியது:

விருந்தாளி என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் தந்தையை விருந்தினரைப்போல் உபசரிக்க வேண்டும் என்று தாய்க்குச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதியை நீக்கியது. மேல்முறையீட்டு அமர்வு செய்ததே சரி என்று நினைக்கிறேன். பெற்றோர் ஒருவரையொருவர் எப்படி உணர வேண்டும் என்று உத்தரவிட முடியாது. எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று உத்தரவிடலாம். தனி நீதிபதி விரும்பியது நல்லதுதான், ஆனால் மீறினால் அளந்து பார்க்க முடியாத ஒன்றை உத்தரவில் வைத்தால் அடுத்த மனுவுக்கு அதுவே காரணமாகும். தாமிரபரணிக்கரை அவர்களும் வரைவில் "அன்பாக நடத்த வேண்டும்" போன்ற வரிகளைத் தவிர்த்து, "குழந்தையின் முன் மற்ற பெற்றோரையோ அவர் குடும்பத்தையோ பழித்துப் பேசக் கூடாது" என்று எழுதலாம். மீறப்பட்டதா இல்லையா என்று அதைச் சோதிக்க முடியும்.


மூன்றாம்பிறை எழுதியது:

பெரியவர்கள் பேசும் இந்த இழையில், அப்படி ஓர் உத்தரவின்கீழ் வளர்ந்தவளாக நானும் எழுத விரும்புகிறேன். எனக்கு இப்போது வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. பெற்றோர் பிரிந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

நீதிபதி என்னைத் தன் அறைக்குள் தனியாக அழைத்துப் பேசினார். நல்ல மனிதர், பிஸ்கட் கொடுத்தார், பள்ளியைப் பற்றிக் கேட்டார். பிறகு அப்பாவுடன் இருக்க விருப்பமா, அம்மாவுடனா என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பது அன்று மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அப்பா அதன்பின் பல மாதங்கள் என்னிடம் சிரித்தே பேசவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரை நான் கைவிட்டுவிட்டதாகவே பல ஆண்டுகள் நம்பினேன். அது எட்டு வயதுப் பிள்ளை சுமக்கக்கூடிய பாரமே இல்லை. குழந்தையின் விருப்பத்தைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எது பிடிக்கும், எது பயமாக இருக்கிறது, வாரத்தில் எந்த நாள் களைப்பாக இருக்கிறது, எந்தத் தோழியின் பிறந்தநாளைத் தவறவிட மனமில்லை என்றெல்லாம் கேளுங்கள். யார் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வரைவுக்கு என் பங்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். பள்ளிக் கட்டணம் கட்டவில்லை என்று அப்பாவிடம் சொல் என்று அம்மா என்னிடம் சொல்லி அனுப்புவார். உன் அம்மாவிடம் சொல், நான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன் என்று அப்பா திருப்பி அனுப்புவார். பெரியவர்களின் செய்தி எதுவும் குழந்தை வழியாகப் போகக் கூடாது என்று எழுதி வையுங்கள். இரண்டு வீட்டிலும் குழந்தைக்கென உடைகளும் ஒரு பல்தூரிகையும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, எனக்கு ஊரே இல்லை என்று தோன்றும். அப்பா வாங்கித் தந்த பொம்மையை அம்மா வீட்டுக்குக் கொண்டுவரத் தடை இருந்தது; அப்படி எந்தத் தடையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கொங்குத்தமிழன் எழுதியது:

ஐந்து வயது பற்றிய விளக்கத்துக்கு நன்றி ஐயா. மூன்றாம்பிறை அவர்கள் எழுதியதைப் படித்தபின் ஒரு கேள்வி எழுகிறது. சட்டம் குழந்தையின் விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறதா, அல்லது அது நீதிபதியின் விருப்பமா?


வைகைவழக்கறிஞர் எழுதியது:

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிவோடு விருப்பம் தெரிவிக்கும் வயதில் குழந்தை இருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. கட்டாயம் இல்லை, விருப்பமே முடிவாகிவிடுவதும் இல்லை. எந்த வயது என்று சட்டம் எண் குறிக்கவில்லை. பெரும்பாலான நீதிபதிகள் சிறு குழந்தையிடமும் பேசிப் பார்க்கிறார்கள், ஆனால் சொன்னதை அப்படியே ஏற்பதில்லை. ஏனெனில் யாருடன் இருக்கிறதோ அவருடைய பேச்சுத்தான் பெரும்பாலும் குழந்தையின் வாயிலிருந்து வரும்.

1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் உளவியல், சமூகநல வல்லுநர்களின் உதவியைப் பெறலாம். உங்கள் வரைவோடு, குழந்தை நலனில் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையிடம் பேசட்டும் என்ற வேண்டுகோளையும் வைக்கலாம். ஆனால் ஒன்றை அறிந்து செய்யுங்கள்: சமரச மையத்தில் பேசியவை வெளியே வராது, நீதிமன்றம் குழந்தையிடம் பேச அனுப்பும் ஆலோசகரின் அறிக்கை அப்படியல்ல. குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்கில் அந்த அறிக்கையை நீதிமன்றம் பயன்படுத்தலாம் என்று பெரி கன்சாக்ரா வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.


பேத்தியைத் தேடும் பாட்டி எழுதியது:

என் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அவனுக்கு விசிட்டேஷன் (குழந்தையைச் சந்திக்கும் அனுமதி) இருக்கும் நாட்களில் விடுப்புக் கிடைக்காவிட்டால் பேத்தியை நாங்களும் பார்க்க முடிவதில்லை. பிறந்ததிலிருந்து நான் குளிப்பாட்டி வளர்த்த குழந்தை. மருமகள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவள் நிலைமை அவளுக்கு. தாத்தா பாட்டி பார்ப்பதற்கென்று உத்தரவில் இடம் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வைகைவழக்கறிஞர் எழுதியது:

அம்மா, உங்களுக்கெனத் தனி உரிமை தரும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தந்த 257ஆவது அறிக்கை, பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. தாத்தா பாட்டியோடு குழந்தை கழிக்கும் நேரத்தைப் பற்றியும் அதில் வழிகாட்டுதல் உண்டு. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. பத்தாண்டு கடந்தும் கிடப்பில் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆனாலும் நீதிமன்றம் தன் அதிகாரத்திலேயே இதைச் செய்ய முடியும். உங்கள் மகன் வர முடியாத நாளில் அவருக்குப் பதிலாகத் தாத்தாவோ பாட்டியோ குழந்தையை அழைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி அவரை மனுப் போடச் சொல்லுங்கள். மருமகளுக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லையென்றால் எதிர்ப்பு இல்லாமலே அது கிடைக்கக்கூடும்.


ஸ்கார்பரோ வாசி எழுதியது:

டொரோண்டோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் உறவுகளுக்குள்ளும் பிரிவுகள் நடக்கின்றன. கனடாவின் விவாகரத்துச் சட்டம் 2021 மார்ச் மாதம் முதல் மாற்றப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது இடமாற்றம் பற்றிய ஏற்பாடு. குழந்தையோடு வேறு ஊருக்குக் குடிபெயர நினைக்கும் பெற்றோர் 60 நாட்களுக்கு முன்பே மற்றவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்தவர் மறுக்க விரும்பினால் 30 நாட்களுக்குள் மறுக்க வேண்டும். ஒன்டாரியோவில் குழந்தைக்கென அரசே வழக்கறிஞரை நியமிக்கும் அலுவலகமும் உண்டு. தாய்க்கு ஒரு வக்கீல், தந்தைக்கு ஒரு வக்கீல், குழந்தையின் குரலுக்கும் ஒருவர் என்றிருப்பது எவ்வளவு நல்லது என்று நேரில் கண்டிருக்கிறேன்.

இந்தியாவில் அப்படி அறிவிப்புக் காலம் ஏதும் உண்டா? தங்கைக்கு நாளை சென்னையில் வேலை கிடைத்தால் என்ன செய்வது?


தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தங்கையும் நானும் எல்லாவற்றையும் சேர்ந்து வாசித்தோம். மூன்றாம்பிறை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, செய்தி சொல்லி அனுப்புவதை நானும்தான் செய்கிறேன், இன்றோடு நிறுத்துகிறேன் என்றாள்.

இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஸ்கார்பரோ நண்பர் கேட்ட இடமாற்றம் எங்களுக்கும் உண்மையான கவலை. அடுத்து, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று சமமாகப் பிரிக்க வேண்டும் என மாப்பிள்ளை தரப்பில் கேட்கப்போவதாகத் தெரிகிறது. மூன்றாவது விடுமுறை. பொங்கலும் தீபாவளியும் இரு வீட்டுக்கும் வேண்டும், எப்படிப் பிரிப்பது?


வைகைவழக்கறிஞர் எழுதியது:

சம பங்குக்கு அவர்கள் காட்டக்கூடிய முன்னுதாரணம் கர்நாடக உயர் நீதிமன்றம் 2013இல் தந்த தீர்ப்பாக இருக்கலாம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஜனவரி முதல் ஜூன் வரை தந்தையுடனும், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயுடனும் இருக்கும்படி அதில் உத்தரவானது. பெற்றோர் ஒரே நகரில், ஒரே பள்ளிக்குப் போகும் தூரத்தில் இருந்தால் அது நடைமுறைக்கு வரும். திருநெல்வேலிக்கும் கோவைக்கும் இடையே, கல்வியாண்டின் நடுவில் பள்ளியை மாற்றாமல் அது எப்படி முடியும்? இந்த ஒரு காரணத்தைத் தெளிவாக எழுதினாலே போதும், அவரைக் குறை சொல்லத் தேவையில்லை.

இடமாற்றத்துக்கு நம் சட்டத்தில் கனடாவைப்போல் அறிவிப்புக் காலம் இல்லை. அதனால்தான் அதை உத்தரவிலேயே எழுதிவைக்க வேண்டும். மாவட்டத்தை விட்டுக் குடிபெயர்வதானால் இத்தனை நாட்களுக்கு முன் மற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, சந்திப்பு நாட்களை மாற்றியமைக்க நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாக எழுதுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற வரியும் அவசியம். ஒரு நாட்டிலிருந்து முறைகேடாகக் கொண்டு செல்லப்படும் குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் கனடா, இலங்கை போன்ற நாடுகள் இருக்கின்றன, இந்தியா சேரவில்லை. குழந்தை ஒருமுறை எல்லை தாண்டிவிட்டால் பின்னால் குழந்தையை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு, அந்த நாட்டு நீதிமன்றம் என்று ஆண்டுகள் கரைந்துவிடும்.

விடுமுறையைப் பொறுத்தவரை, ஒற்றைப்படை ஆண்டில் பொங்கல் ஒருவருக்கும் தீபாவளி மற்றவருக்கும், இரட்டைப்படை ஆண்டில் மாற்றியும் எழுதுவது வழக்கம். தூரம் இருப்பதால் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைத் தந்தைக்குக் கூடுதலாகத் தரலாம். கோடை விடுமுறையை நடுவில் பிரித்து, முதல் பாதி தந்தையுடன், பின்பாதி தாயுடன் என்று வைத்தால், பள்ளி திறப்பதற்கு முன் சீருடை, புத்தகம் வாங்கத் தாய்க்கு நேரம் இருக்கும். பிறந்தநாள் எந்த வீட்டில் வந்தாலும் மற்றவர் அன்று காணொளியில் பேசட்டும். கடைசியாக, மதிப்பெண் பட்டியல், பள்ளிக் கூட்டங்களுக்கான அழைப்பு, மருத்துவச் சீட்டு ஆகியவை இருவருக்கும் கிடைக்க வேண்டும் என்று பள்ளிக்குக் காட்டக்கூடிய வகையில் உத்தரவில் வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் பள்ளி அலுவலகங்கள் உடன் இல்லாத பெற்றோரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.


செங்காந்தள் எழுதியது:

ஐயா, உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். மீறுவது எப்போதும் தந்தையே என்பதும் இல்லை, தாயே என்பதும் இல்லை.


வைகைவழக்கறிஞர் எழுதியது:

குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ், உத்தரவை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்றல் மனுப் போடலாம். வேண்டுமென்றே தொடர்ந்து மீறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கும் இடமுண்டு. ஆனால் காவலரைக் கொண்டு குழந்தையை இழுத்து வருவதை எந்த நீதிபதியும் விரும்புவதில்லை, குழந்தைக்கும் அது காயம்தான். தவறிய ஒவ்வொரு நாளையும், அனுப்பிய செய்தியையும், வந்த பதிலையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்து, தவறிய நாட்களுக்கு ஈடாகக் கூடுதல் நாட்களைக் கேட்பதே பலன் தரும் வழி. மற்ற பெற்றோரிடமிருந்து குழந்தையின் மனத்தைத் திட்டமிட்டுத் திருப்புவது நிரூபணமானால், பொறுப்பை மாற்றும்போது அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்.


தாமிரபரணிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. வரைவில் ஓர் இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. காலாண்டு விடுமுறைக்கு மகள் கோவை போவதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அவளைக் கொண்டுபோய் விடுவது யார்? ஒவ்வொரு முறையும் தந்தை இரண்டு வழிப் பயணமும் செய்ய வேண்டும் என்று எழுதுவது நியாயமாகப் படவில்லை. தங்கையால் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் போகவும் முடியாது.


நொய்யல் எழுதியது:

பாதி தூரத்தில் கைமாற்றும் ஏற்பாட்டை யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நடு இரவில் ஏதோ ஒரு நிலையத்தில் தூங்கும் குழந்தையை எழுப்பிக் கைமாற்றுவது கொடுமை. அழைத்துப்போக வருபவர் குழந்தை இருக்கும் ஊருக்கே வரட்டும். அதாவது விடுமுறை தொடங்கும்போது தந்தை திருநெல்வேலிக்கு வந்து அழைத்துச் செல்லட்டும், முடியும்போது தங்கையோ நீங்களோ கோவைக்குப் போய் அழைத்து வாருங்கள். அப்போது இருவருக்கும் ஆளுக்கொரு பயணம்தான். தங்கைக்குப் பதிலாக வரக்கூடியவர்களின் பெயர்களை, உங்களையும் உங்கள் தந்தையையும், வரைவிலேயே குறித்துவிடுங்கள். பெயர் இல்லாத ஒருவர் போய் நின்றால் அங்கே தகராறு வரும். பகல் ரயில் இருந்தால் பகலில் போவது நல்லது. பயணச்சீட்டை முன்பதிவு செய்ததும் அதன் படத்தை மற்றவருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சேருங்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே குழந்தை வீடு திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவுத் தேதியை எழுதுங்கள். விடுமுறையின் கடைசி நாள் என்று எழுதினால், ரயில் தாமதமாகும் அன்று அவள் தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.